பென் டிரைவில் ஷார்ட்கட் மட்டும் தெரிகிறதா? ஃபார்மட் செய்யாதீர்கள்

ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென் டிரைவை வீட்டில் திறந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கும். பதறி ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது; வைரஸ் மறைத்து வைத்திருக்கும். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பாருங்கள். நிரம்பிய இடம் பழைய அளவிலேயே இருந்தால் கோப்புகள் உள்ளேதான் இருக்கின்றன.

போலி ஃபோல்டரைக் கண்டுபிடிப்பது எளிது. மஞ்சள் ஃபோல்டரின் இடது கீழ் மூலையில் வளைந்த குட்டி அம்பு இருக்கும். டீடெயில்ஸ் வியூவில் சைஸ் 1 அல்லது 2 கேபி என்று காட்டும். உண்மையான ஃபோல்டருக்கு அந்த இடம் காலியாக இருக்கும். விண்டோஸ் 7 முதல், பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள புரோகிராமைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோரன் வேலை செய்யாது. அதனால் வைரஸ் எழுதுபவர்கள் நம் கையாலேயே கிளிக் செய்யவைக்கிறார்கள். டபுள் கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், கூடவே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். யாருக்கும் சந்தேகம் வராது.

ஒருமுறை கிளிக் செய்திருந்தாலும் முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்து செருகும் ஒவ்வொரு பென் டிரைவிலும் ஒட்டிக்கொள்ளும். டிரைவைக் கழற்றிவிட்டு, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்று போங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் தேடும்.

பிறகு டிரைவைச் செருகி, எக்ஸ்புளோரரின் இடது பட்டியலிலிருந்து திறங்கள். வியூவில் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்யுங்கள். இதோடு நிறுத்துவதால்தான் பலருக்குக் கோப்புகள் கிடைப்பதில்லை. வைரஸ் அவற்றை சிஸ்டம் ஃபைலாகவும் குறித்திருக்கும். ஆப்ஷன்ஸின் வியூ டேபில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன்களை (கோப்பு எந்த வகை என்று காட்டும் பெயரின் கடைசிப் பகுதி) மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இப்போது மங்கலாக ஃபோல்டர்கள் தெரியும். சில வகை வைரஸ் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும். அதையும் திறந்து பாருங்கள்.

டெஸ்க்டாப்பில் புது ஃபோல்டர் போட்டு, உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் அதில் காப்பி செய்யுங்கள். விபிஎஸ், ஜேஎஸ், இஎக்ஸ்இ என்று முடியும் எதையும் எடுக்காதீர்கள். அந்த ஃபோல்டரை ஸ்கேன் செய்து, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். எடுத்த சிஸ்டம் ஃபைல் டிக்கைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

இனி கடைக்குப் போகும்போது, பிரின்ட் எடுக்கவேண்டிய ஒரே பிடிஎஃப் மட்டும் உள்ள தனி பென் டிரைவைக் கொண்டுபோங்கள். சான்றிதழ்கள் மொத்தமும் இருக்கும் டிரைவ் வீட்டிலேயே இருக்கட்டும்.