இறக்குமதியாளர் மனித உரிமையை எப்படிச் சரிபார்ப்பது?
ஒரு நாட்டின் சரக்கையே முற்றாகப் புறக்கணிப்பதற்கு முன், உரிமை மீறல் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்று பாருங்கள். சட்டையைத் தைத்த ஆலையோடு நின்றுவிடாமல் துணி, நூல், பஞ்சு என்று பின்னோக்கிச் செல்லுங்கள். தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். 2013-இல் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடத்தில் இயங்கிய ஆலைகளில் சிலவும் தணிக்கை செய்யப்பட்டவைதான். கட்டாய உழைப்பு நடக்கிறதா என்று அறிய, கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது, வேலைக்குச் சேரக் கடன் வாங்கினார்களா என்பதைத் தொழிலாளரிடமே, மேலாளர் இல்லாத இடத்தில் கேளுங்கள். தவறு தெரிந்ததும் கொள்முதலை நிறுத்தினால் முதலில் வேலையிழப்பவர் பாதிக்கப்பட்டவரே என்பதால், வணிகமும் மனித உரிமைகளும் குறித்த 2011-ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் கூறுவதுபோல், வாங்குபவர் என்ற செல்வாக்கைக் கொண்டு முதலில் திருத்த முயலுங்கள். அடிமாட்டு விலை கேட்டுக்கொண்டே நியாயக் கூலியை வலியுறுத்துவது வெறும் பாசாங்கு. சிறை உழைப்பில் உருவான பொருள்களை அரசுகள் தடுக்க, நாடுகளுக்கிடையிலான வணிக விதிகளை வகுக்கும் காட் (GATT) ஒப்பந்தத்தின் 20-ஆவது பிரிவே இடமளிக்கிறது.