48 மாத வாரன்டி, 20 மாத ஆயுள்: கார் பேட்டரி மாற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

பேட்டரி எப்போதும் நேரம் பார்த்துத்தான் சாகும். முகூர்த்தத்துக்குக் கிளம்பி, சீர்வரிசைத் தட்டும் பட்டுப்புடவையுமாக எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினால் ‘டக்... டக்’ என்று சத்தம் மட்டும் வரும். என் முதல் காரில் அப்படித்தான் நடந்தது. யாரோ கொடுத்த நம்பருக்கு போன் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு தம்பி ஸ்கூட்டரின் முன்னால் பேட்டரியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். “சார், 48 மாசம் வாரன்டி. கண்ண மூடிட்டு வாங்கலாம்” என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

அந்தப் பேட்டரி 20 மாதம் உழைத்தது. வாரன்டி கேட்டுப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அட்டையில் கடை சீல் இல்லை. பில் என்று கையில் இருந்தது ஒரு துண்டுச்சீட்டு. பேட்டரியோ என்னிடம் வருவதற்கு முன்பே எட்டு மாதம் எங்கோ அலமாரியில் தூங்கியிருக்கிறது.

அன்று நான் செய்த தவறுகளில் பெரியது, பேட்டரி செத்த பிறகு கடையைத் தேடியது. நடுத்தெருவில் நிற்பவனுக்குப் பேரம் பேசவும் நேரம் கிடையாது, தேதி பார்க்கவும் பொறுமை கிடையாது. நம் ஊர் வெயிலில் சாதாரண பேட்டரி மூன்று, நான்கு வருடம் தாங்கினால் நல்ல உழைப்பு. மூன்றாவது வருடம் முடிந்ததும், அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை சோதித்துவிட்டால், வாங்கும் நாளை நாமே முடிவு செய்யலாம்.

சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறைய காலி. உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். அதனால் மீட்டர் 10.5 பக்கத்தில் நின்று, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அங்கேயே இருந்தால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் பார்ப்பது வீண்.

ஆனால் ‘டக் டக்’ சத்தம் கேட்டாலே பேட்டரி போச்சு என்று முடிவு கட்டுவதும் தவறுதான். டெர்மினல் தளர்ந்திருந்தாலும், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலும் இதே சத்தம் வரும். ஸ்டார்ட்டர் மோட்டார் பழுதானாலும் வரும். அதைவிட முக்கியமானது, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். பழைய மெக்கானிக்குகள் இன்னும் ‘டைனமோ’ என்றுதான் சொல்வார்கள். இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டியே நிற்கிறது என்றால் பேட்டரியை உள்ளுக்குள் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. (புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அங்கே ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள்.) டைனமோவைச் சரி செய்யாமல் புதுப் பேட்டரி மாட்டினால் அதுவும் சில மாதத்தில் பழையதன் வழியே போகும். பணம் போவதோடு “அந்த பிராண்டே மோசம்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவோம்.

சரி, பேட்டரிதான் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. கடைக்குப் போகிறோம். பெரும்பாலோர் கண்ணில் முதலில் படுவது வாரன்டி மாதம். 36, 48, 55, 60 என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. 48 மாதம் என்பது 24+24 ஆக இருக்கலாம். முதல் 24 மாதத்தில் உற்பத்திக் குறையால் பழுதானால் புதுப் பேட்டரி இலவசம். அடுத்த 24 மாதத்தில் விலையில் ஒரு பங்கு கழிவு மட்டும்தான். மாதம் ஏற ஏற அதுவும் தேயும். அந்தக் கழிவும் எம்ஆர்பி விலையில்தான் கணக்கிடப்படும். கடையில் எக்ஸ்சேஞ்ச், தள்ளுபடி எல்லாம் போக வெளியே என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, கிட்டத்தட்ட அதே விலைக்கே வந்து நிற்பதும் உண்டு. ஆகவே “மொத்தம் எத்தனை மாசம்?” என்று கேட்காமல் “ஃப்ரீ ரீப்ளேஸ்மென்ட் எத்தனை மாசம்?” என்று கேளுங்கள். இரண்டு பேட்டரிகளை ஒப்பிட அந்த முதல் எண்தான் உதவும். உங்கள் கார் டாக்ஸியாக ஓடுகிறது என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். வாடகை வண்டிக்கு வாரன்டி குறைவாக இருக்கும் மாடல்கள் உண்டு.

வாரன்டியைவிட நான் அதிகம் மதிக்கும் எண் தயாரிப்புத் தேதி. பேட்டரி பருப்பு மாதிரி டப்பாவில் சும்மா இருக்கும் பொருள் இல்லை. அலமாரியில் இருக்கும்போதே சார்ஜ் மெல்ல இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து கெட்டிப்படும். கெட்டிப்பட்ட இடம் பிறகு சார்ஜ் வாங்காது. புதிது என்று நாம் வீட்டுக்குக் கொண்டுவரும் பேட்டரி ஏற்கெனவே கொஞ்சம் கிழடு தட்டியிருக்கும். மூன்று மாதத்துக்குள் தயாரானதைக் கேளுங்கள். தேதியை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகப் பொறிக்கிறது. சிலது எழுத்தும் எண்ணுமாகக் குறியீடாக இருக்கும். வெட்கப்படாமல் “இதுல மாசம் வருஷம் எதுங்க? படிச்சுக் காட்டுங்க” என்று கேட்கலாம். கூடவே மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். 12.5-க்குக் கீழே காட்டினால் வேறு பேட்டரி எடுக்கச் சொல்வதில் தப்பே இல்லை. நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

அடுத்தது அளவு. மேலே ஒட்டியிருக்கும் 38பி20எல் போன்ற குறியைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிய முறை அது. முதலில் வரும் 38 திறனைக் குறிக்கும். ‘பி’ அகலமும் உயரமும். 20 என்பது நீளம், ஏறக்குறைய சென்டிமீட்டரில். கடைசியில் வரும் எல் அல்லது ஆர், டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். இந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டால் கேபிள் எட்டாது. எட்ட வைக்கிறேன் பேர்வழி என்று சிலர் கேபிளை இழுத்து மாட்டுவார்கள். ஓடுகிற வண்டியில் அது ஆடி எங்காவது இரும்பில் உரசினால் தீப்பொறிதான். ‘டின்’ என்று தொடங்கும் ஐரோப்பிய வகையின் உயரமும் தட்டில் பிடிக்கும் விதமும் வேறு. பழைய பேட்டரியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதே எளிது. அதற்கு முன் வண்டியோடு வந்த கையேட்டையும் ஒரு பார்வை பாருங்கள். ஏனென்றால் உள்ளே இருக்கும் பழைய பேட்டரியே தவறான அளவாக இருக்கலாம். 45 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) இருக்க வேண்டிய இடத்தில் விலை குறைவு என்று 35 ஏஎச் மாட்டிவிட்ட செகண்ட்ஹேண்ட் கார்களைக் கண்டிருக்கிறேன். முதல் வருடம் ஒன்றும் தெரியாது.

இதற்கு நேரெதிரான ஆசையும் உண்டு: “இருக்கறதுலயே பெரிசா போட்டுடுங்க.” தட்டில் சரியாக உட்கார்ந்தால் ஒரு படி பெரியது போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் ஏஎச் கூடியதால் மட்டும் ஆயுள் கூடாது. தினம் ரேஷன் கடைக்கும் ஸ்கூலுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் சின்னப் பேட்டரியே முழுசாக நிறைவதில்லை. பெரிய பாத்திரம் வைத்தால் குழாயில் தண்ணீர் கூடவா வரும்?

சிசிஏ என்று ஓர் எண்ணும் இருக்கும். கடுங்குளிரில் இன்ஜினைச் சுழற்ற எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்ற கணக்கு அது. மைனஸ் 18 டிகிரியில் அளப்பது. அமெரிக்க, கனடா வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் நம்மூரிலும் வந்துவிட்டார்கள். கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவு இருந்தால் போதும். அதே பெட்டிக்குள் சிசிஏவைக் கூட்ட வேண்டுமானால் தகடுகளை மெல்லிசாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவதே வழக்கமான வழி. மெல்லிய தகடு சூட்டில் சீக்கிரம் அரிக்கும். ஊட்டிக் குளிருக்கே இந்தப் பந்தயம் தேவையில்லை. வேலூர் வெயிலில் இருப்பவர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நம் பேட்டரியின் எமன் சூடுதான். பேட்டரித் துறையில் ஒரு கைக்கணக்கு சொல்வார்கள்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும். வெளியே 40 டிகிரி இருக்கும் நாளில் போனட்டுக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒரு தவறு. சில கார்களில் பேட்டரியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு உறை அல்லது பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். பேட்டரி மாற்ற வருபவர் அவசரத்தில் “இது வேஸ்ட் சார்” என்று கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவார். அது இன்ஜின் சூட்டைத் தடுக்கத்தான் இருக்கிறது. கேட்டு வாங்கித் திரும்ப மாட்ட வையுங்கள்.

சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானாக அணைந்து, கிளட்சை மிதித்ததும் எழும் கார்கள் இப்போது நிறைய. அவற்றுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் என்ற வகைப் பேட்டரி. சாதாரண பேட்டரியைவிட விலை கூடுதல். “சார், இதுலயும் ஓடும், பாதி விலை” என்று சாதாரண பேட்டரியை நீட்டினால் வாங்காதீர்கள். ஓடும்தான். ஒரு நாளில் ஐம்பது தடவை இன்ஜினை எழுப்ப அது பிறக்கவில்லை. அதே சமயம் ஸ்டார்ட்-ஸ்டாப் இல்லாத பழைய காருக்கு ஏஜிஎம் வாங்கி மாட்டுவதும் என் கணக்கில் வீண் செலவு. மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் கார்கள் சிலவற்றில் இந்தப் பேட்டரியோடு இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியும் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உயர்ரக ஜெர்மன் கார்களில் புதுப் பேட்டரி மாட்டியதும் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் வண்டி பழைய கிழட்டுப் பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் காரில் வைக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடாது. அதன் தகடுகள் தடிமன். கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்கில் கொடுக்கச் செய்தது. கார் ஸ்டார்ட் ஆகும் இரண்டு மூன்று நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அள்ளிக் கொடுக்கும் வேலை அதற்குச் சரிவராது. ‘ரீகண்டிஷன்’ பேட்டரி பற்றி ஒரே வரி: பழசின் ஆசிட்டை மாற்றிப் புது ஸ்டிக்கர் ஒட்டினால் உதிர்ந்த தகடு திரும்ப முளைக்காது.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை சில. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரியைத் தட்டோடு பிடிக்கும் கிளாம்ப் அசையாமல் இருக்க வேண்டும். நம் சாலைகளின் குலுக்கலில் ஆடும் பேட்டரிக்குள் தகடுகள் உதிர்ந்து அடியில் சேரும். அது ஒரு செல்லையே ஷார்ட் ஆக்கிவிடும். பழைய கேபிள் முனையில் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் ஆப்ப சோடா கரைத்துத் துடைத்து, காய்ந்ததும் லேசாக வாஸ்லின் தடவினால் போதும். மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கேன் தண்ணீரும் ஆகாது, ஆர்ஓ தண்ணீரும் ஆகாது, ஆசிட் அறவே ஆகாது.

புதிது மாட்டியும் இரண்டு நாள் நிறுத்தினால் டவுன் ஆகிறதா? அணைத்த காரிலும் எதுவோ கரண்டைத் தின்கிறது. வெளியில் பொருத்திய அலாரம், ஜிபிஎஸ், டேஷ்கேம் இவற்றில்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும். பூட்டிய காரில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற கார்கள் பல ஒரே சமயத்தில் பேட்டரி கேட்டது நினைவிருக்கும். இன்ஜினே இல்லாத எலக்ட்ரிக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் எழுந்திருக்காது.

கடைசியாகப் பணம். இரண்டு விலை கேளுங்கள்: பழையதைக் கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காவிட்டால் எவ்வளவு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஈயம். அதற்கு எடைக்கு எடை விலை உண்டு. பழையதைத் தெருவில் வரும் இரும்புக்காரரிடம் போடாமல் கடையிலேயே கொடுப்பது நல்லது. ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குபவர்களிடம் அது போய்ச் சேராமல் இருக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பழையவற்றை முறையாகத் திரும்பச் சேகரிக்கத்தான் வற்புறுத்துகின்றன. ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். கார் பேட்டரிக்கு இருந்த 28 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் சொல்லுங்கள். பில்லில் பேட்டரியின் சீரியல் எண், காரின் பதிவு எண், தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, வாரன்டியைப் பதிவு செய்யும் குறுஞ்செய்தி உங்கள் போனுக்கு வந்த பிறகு பழைய பேட்டரியை ஸ்கூட்டரில் ஏற்ற விடுங்கள்.