‘பாரோ’வைச் சீனர்களுக்குச் சொல்லித்தரும்போது செய்யக் கூடாதவை

சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் எடுக்கிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பலகையில் ‘பாரோ’ (borrow, அதாவது இரவல் வாங்குவது) என்று எழுதி, பக்கத்தில் ‘ஜியே’ என்ற சீன எழுத்தைப் போட்டார். பத்து நிமிடம் கழித்து ‘லெண்ட்’ (lend, இரவல் கொடுப்பது). அதற்குப் பக்கத்திலும் அதே ‘ஜியே’. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, நானும் ஒரு காலத்தில் அச்சு அசல் இப்படித்தான் எழுதிப்போட்டேன். உச்சரிப்பு, எழுத்துப்பிழையெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள். கீழே இருக்கும் நான்கை மட்டும் செய்யாதீர்கள்.

அகராதிப் பொருளோடு நிறுத்திக்கொள்வது

அவர்கள் பேசும் மாண்டரின் சீனத்தில் கடன் வாங்கினாலும் ‘ஜியே’தான், கொடுத்தாலும் ‘ஜியே’தான். நம் ‘இரவல்’ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கு, கொடு என்று பின்னால் ஒன்று வந்தால்தான் பொருள் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அவர்களும் தெளிவாகச் சொல்ல நினைத்தால் ‘ஜியே கெய்’ என்று சேர்த்துக் கொடுப்பதாக்குவார்கள். அது இல்லாமல் ‘தா ஜியே வோ யீ பாய் குவாய்’ என்றால், அவர் எனக்கு நூறு கொடுத்தார் என்றும் கொள்ளலாம், என்னிடம் நூறு வாங்கினார் என்றும் கொள்ளலாம். பேசிக்கொள்கிறவர்களுக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது.

என் மாணவி ஒருவர் கூட வேலை பார்த்த பெண்ணுக்கு 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கடன் கொடுத்திருந்தார். சம்பள நாள் வந்தும் பணம் வராததால் மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பினார்: ‘ஐ பாரோட் ஹர் டூ ஹண்ட்ரட்’. கொடுத்தவரே கடன்காரி ஆகிவிட்டார்! ‘சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடு’ என்று பதில் வந்தது, வாங்கியவளோ வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அந்த மாணவியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு சொல், இரண்டுக்கும் ஒரே ‘ஜியே’, நான் எழுதிப்போட்டதுதான். இன்னும் எரிச்சல் போகவில்லை, அவர்மேல் இல்லை, என்மேல்.

சொல்ல வேண்டியது இதுதான்: ‘பாரோ’வை ஒட்டிப் பொருள் வரும், ஆள் வரமாட்டார், ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஃப்ரம்’ போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். ‘லெண்ட்’டை ஒட்டி ஆள் வரலாம், ‘லெண்ட் மீ’ சரி. ‘பாரோ மீ யுவர் பென்’ இந்த ஊரில் தெருவுக்குத் தெரு காதில் விழும், அதனால் ‘எல்லாரும் சொல்றாங்களே’ என்று கேட்பார்கள். அதை மட்டம் தட்டாதீர்கள். காப்பிக் கடையில் செல்லும், வேலைக்கு எழுதும் கடிதத்தில் செல்லாது, அவ்வளவுதான்.

இரண்டு சொல்லையும் ஒரே நாளில் எடுப்பது

வேண்டாம். முதல் வாரம் முழுக்க ‘கேன் ஐ பாரோ’ மட்டும், என் பேனாவையே ஆளாளுக்குக் கேட்டு வாங்க வைப்பேன். ‘லெண்ட்’ பத்து நாள் கழித்து.

கழிப்பறையை இரவல் கேட்க விடுவது

மாண்டரினில் கழிப்பறைக்கும் ‘ஜியே’ போடலாம். அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டால், பெயர்த்து எடுத்துக்கொண்டு போகப்போகிறார் போலிருக்கும். இருந்த இடத்திலேயே இருப்பதற்கு ‘யூஸ்’. கூட்டத்தில் வழி விடச் சொல்லும் ‘ஜியே குவோ’வும் ‘பாரோ’ ஆகாது, ‘எக்ஸ்க்யூஸ் மீ’ சொல்லிக்கொடுங்கள்.

‘ரென்ட்’டை உதாரணத்துக்கு இழுப்பது

வாடகைக்கு எடுத்தாலும் ‘ரென்ட்’தான், விட்டாலும் ‘ரென்ட்’தான், அது ஆங்கிலத்திலேயே இரண்டு பக்கமும் போகும். கிட்டே போகாதீர்கள்.