சின்ன கல்வி டிரஸ்ட் நடத்துகிறவர்களுக்குச் சில யோசனைகள்

விருதுநகர் பக்கம், கல்லூரிப் படிப்புக்கு உதவும் ஒரு குடும்ப டிரஸ்டில் நான் செயலாளர். தாத்தா பெயரில் டிரஸ்ட் பதிந்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: பணம் கொடுக்கும் விழாவுக்குச் செலவிடும் அக்கறையை, கொடுத்த பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று பார்ப்பதிலும் காட்டுங்கள்.

விண்ணப்பம் வாங்கும் முன் அரசு என்னென்ன தருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதே கட்டணத்துக்கு நாமும் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. அரசு தொடாத செலவு எது என்று தேடுவதுதான் நம் வேலை.

அதைச் சொல்லக்கூடியவர்கள் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். ஜெயித்த பிள்ளைகள் தாமாகவே விழாவுக்கு வருவார்கள்; விட்டவர்களை நாம்தான் தேடிப்போக வேண்டும். கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்தவரே போய் உட்கார்ந்தால் வீட்டில் நன்றி மட்டும்தான் சொல்வார்கள். முன்பு உதவி பெற்றுப் படித்து முடித்த ஒருவரை அனுப்புங்கள். "உதவி பயன்பட்டதா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "எந்த மாசம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

எங்களிடம் ஒரு பெண் சொன்னாள்: "ஃபீஸ் நீங்க கட்டிட்டீங்கக்கா. தினமும் பஸ்ஸுக்குத்தான் அம்மா கடன் வாங்குச்சு." சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; அவள் போக வேண்டியது புறநகர்ப் பஸ்ஸில். எங்கள் விண்ணப்பத்தில் கல்லூரிக்கு எப்படிப் போவாய் என்ற கேள்வியே அப்போது இல்லை. இன்று அதுதான் முதல் கேள்வி. உதவியில் ஒரு பகுதியைச் சேர்க்கையின்போதும், மீதியை மாதாமாதம் மாணவர் வங்கிக் கணக்கிலும் போடுகிறோம்.

இனி கூட்டம். குடும்ப டிரஸ்டில் பெரியப்பா ஒரு பெயரைச் சொன்னதும் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். மரியாதை கெடாமலே இதை மாற்றலாம்: தலைவர் கடைசியில் பேசட்டும், வயதில் இளைய டிரஸ்டி முதலில் பேசட்டும். எங்கள் தலைவரே மனமுவந்து இதை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகுதான் கூட்டத்தில் மாற்றுக் கருத்தே எழுந்தது. விண்ணப்பச் சுருக்கத்தை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். அதில் பெயர், சாதி, ஊர் வேண்டாம், எண் போதும். சொந்தக்காரர் விண்ணப்பம் வந்தால் அந்த டிரஸ்டி எழுந்து வெளியே போகட்டும். மினிட்ஸ் புத்தகத்தில் முடிவோடு காரணத்தையும் எழுதுங்கள், மறுத்த விண்ணப்பங்களுக்கு அவசியம் எழுதுங்கள். அடுத்த வருடக் கூட்டம் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத் தொடங்கட்டும்.

கணக்கு விஷயத்தில் ஆடிட்டர் பேச்சைக் கேளுங்கள். ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். வரிவிலக்கு நிலைக்க, வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டிலேயே அறப்பணிக்குச் செலவிட வேண்டும். இதை மார்ச்சில் நினைத்துக்கொண்டால் கேட்டவருக்கெல்லாம் அவசரமாகக் கொடுக்க நேரும். ஏப்ரலிலேயே மாதவாரியாகத் திட்டமிடுங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சேர்த்துவைக்க வேண்டுமானால் உரிய படிவம் கொடுத்து ஐந்து வருடம் வரை வைத்திருக்கலாம். அதையும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அந்த மாதவாரித் திட்டத்தில் ஒரு சிறு தொகையை நடுவருட அவசரத்துக்கென்று தனியே வையுங்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, தேர்வுக் கட்டணத்துக்கு நாளைதான் கடைசி நாள் என்று நவம்பரில் ஒரு பிள்ளை போன் செய்யும். கூட்டம் கூடும்வரை அது காத்திருக்க முடியாது. எவ்வளவு வரை செயலாளர் தனியாகக் கொடுக்கலாம் என்று முன்பே தீர்மானம் போட்டுவிடுங்கள். கொடுத்த விவரம் அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள்.