புது அலாய், புது டயர் போடும்போது டிபிஎம்எஸ் சென்சாரை மாற்றுவது எப்படி

பெங்களூரு ஜேசி ரோட்டில் அலாய் பேரம் பேசி முடிப்பது ஒரு மாலை நேர வேலை. அதற்குப் பிறகு டாஷ்போர்டில் எரியும் டிபிஎம்எஸ் (டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு) மஞ்சள் விளக்கை அணைக்கத்தான் பலர் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பெரும்பாலும் சென்சாரில் கோளாறு இருக்காது. டயருக்குள் போட்டு, காற்றடித்து, பேலன்சிங்கும் முடித்த பிறகுதான் சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். செய்யவில்லை என்றால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும், கூலியும் இரட்டிப்பு. வேலையின் வரிசையை மாற்றினாலே பாதித் தலைவலி போய்விடும்.

ஜாக்கி வைப்பது, வீல் நட்டைக் கழற்றுவது எல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. உங்கள் காரில் சென்சார் இருக்கிறதா?

ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகூன் போன்ற கார்களில் வீலுக்குள் எதுவும் கிடையாது. ஏபிஎஸ் சென்சார் தரும் சக்கர வேகத்தை வைத்து, எந்த டயர் இளைத்திருக்கிறது என்று கார் ஊகிக்கிறது. இவற்றுக்குப் புது டயர் போட்டால் சரியான காற்றடித்து, திரையில் ரீசெட் கொடுத்தால் போதும். யாராவது சென்சார் விற்க வந்தால் வாங்காதீர்கள். நான்கு வீலுக்கும் தனித்தனியாக பிஎஸ்ஐ எண் காட்டும் கார் என்றால் உள்ளே சென்சார் உண்டு. தொடர்ந்து படியுங்கள்.

2. பழைய ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி ஐடி உண்டு. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து, பெரும்பாலும் எட்டு இடம் கொண்டது. கார் அந்த நான்கு ஐடிகளைத்தான் தேடும். பழைய வீல் காரில் இருக்கும்போதே டிபிஎம்எஸ் கருவியை (சென்சாரை எழுப்பி ஐடியைப் படிக்கும் கருவி) வால்வுக்குப் பக்கத்தில் டயரின் பக்கச்சுவரை ஒட்டிப் பிடித்து, எந்த வீலுக்கு எந்த ஐடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்து சென்சார் பதில் சொல்லாவிட்டால், கழற்றிய பிறகு அதன் உடலில் அச்சிட்டிருக்கும் ஐடியைப் படிக்கலாம். அதனால் பழைய சென்சாரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

ஐடி கையில் இருந்தால் இரண்டு வழி. எழுதக்கூடிய புது சென்சாரில் பழைய ஐடியையே நகலெடுக்கலாம். வீல் மாறியதே காருக்குத் தெரியாது. அல்லது புது ஐடியோடு போட்டு, காருக்குக் கற்றுக்கொடுக்கலாம். என் ஓட்டு நகலுக்குத்தான். ஆனால் பழைய வீல் ஒன்றை சென்சாரோடு ஸ்டெப்னியாக டிக்கியில் போட்டுக்கொண்டால் ஒரே ஐடியில் இரண்டு சென்சார் ஆகிவிடும், அளவுகள் தாறுமாறாகக் காட்டும். அப்படிப்பட்டவர்கள் புது ஐடியோடு போவதே நல்லது.

கருவியில் ஆட்டெல் டிஎஸ்508 எனக்குப் பிடித்தது. சென்சாரில் ஐடியை எழுதவும் செய்யும், ஓபிடி (காரின் கணினியோடு இணைக்கும் சாக்கெட்) வழியாகக் காரிலும் பதியும். டிஎஸ்408 விலை குறைவு, ஆனால் ஓபிடி இல்லை. நான்கு வீலுக்காகக் கருவியை வாங்குவது வீண். அது இருக்கும் டயர் கடையாகப் பார்த்துப் போங்கள்.

3. சரியான சென்சார்

நம் ஊர்க் கார்களுக்கு 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கக் கார்களுக்கான 315 மெகாஹெர்ட்ஸ் சென்சாரும் ஆன்லைனில் கலந்து கிடக்கிறது. படம் ஒன்றுபோலவே இருக்கும், காரோ அதைக் கண்டுகொள்ளாது.

பேட்டரி உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் மாற்ற முடியாது. ஆயுள் சுமார் 5 முதல் 10 ஆண்டு. கார் ஆறு வருடம் ஓடியிருந்தால் பழைய சென்சாரைப் புது ரிம்முக்கு மாற்றுவது பொய்ச் சிக்கனம். புதிதாகவே போடுங்கள். அதைவிட இளம் வயது என்றால் பழையதே போதும். ஆனால் வால்வு கிட் கட்டாயம் புதிது: நட்டு, ரப்பர் சீல், வாஷர், பின் (வால்வுக்குள் திருகும், காற்றை அடைக்கும் சின்ன ஊசி), மூடி. அலுமினிய வால்வுக்குள் நிக்கல் பூச்சுப் பின்தான் போக வேண்டும். பஞ்சர் கடைச் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடும். பிறகு பின்னைத் திருகினால் வால்வே முறியும். மூடிக்கும் இதே கதை, பிளாஸ்டிக் மூடியே போதும்.

4. ரிம்மில் பொருத்துதல்

சென்சார் ரிம்மின் தரையில் அழுந்தி உட்காரக் கூடாது. டயரின் பீட் (ரிம்மைக் கவ்வும் உள்விளிம்பு) வந்து அமரும் மேட்டைவிட உயரமாகத் துருத்தவும் கூடாது. சில வெளிச்சந்தை அலாய்களில் நடுப்பள்ளம் ஆழம் குறைவு. அவற்றுக்குக் கோணம் மாற்றக்கூடிய வால்வு உள்ள சென்சார் தேவைப்படும். அலாய்க்குப் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு சென்சாரை வைத்துப் பாருங்கள்.

வால்வு நட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) வைத்து இறுக்குங்கள். பல மாடல்களுக்கு 4 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள் வரும், சரியான எண் பெட்டியிலேயே இருக்கும். கைக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு சுற்று கூட்டினால் சீல் பிதுங்கும் அல்லது வால்வு விரியும். ஏர் கன் கிட்டேயே வரக் கூடாது.

இப்போது, டயர் ஏறும் முன்பே, கருவியால் நான்கையும் எழுப்பிப் பாருங்கள். ஐடி, பேட்டரி, வெப்பநிலை மூன்றும் வர வேண்டும். அழுத்தம் பூஜ்யம் காட்டுவது சரிதான்.

5. டயர் மிஷினில்

சென்சார் உடைவது பெரும்பாலும் இங்கேதான். பீட்டை உடைக்கும், அதாவது ரிம்மிலிருந்து பிரிக்கும் கத்தி வால்வுக்கு அருகே விழுந்தால் கதை முடிந்தது. ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, உள்ளே சென்சார் இருக்கு, வால்வு பக்கம் பீட் உடைக்காதீங்க, லிவரும் அங்கே விடாதீங்க." ஏற்றும்போதும் பீட் கடைசியாக இறுகி விழும் இடம் சென்சார் மேல் வரக் கூடாது. பேஸ்ட்டைப் பீட்டில் மட்டும் தடவச் சொல்லுங்கள். சென்சாரின் சின்னத் துளை அடைபட்டால் அளவு தப்பும். பீட் உட்கார 40 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டாம். அதன் பிறகு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு இறக்கி, பேலன்சிங்.

6. காருக்குக் கற்றுக்கொடுத்தல்

நகலெடுத்தவர்களுக்கு இங்கே வேலை இல்லை. மற்றவர்கள் முதலில் காரின் கையேட்டைப் பாருங்கள். ஓபிடி வழியாக மட்டுமே ஏற்கும் கார்கள் உண்டு. தானாகக் கற்கும் கார்கள் பலவற்றில் வண்டியை அணைத்து 15 முதல் 20 நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு நிற்காமல் பத்து இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். சென்சார் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் ஒழுங்காக சிக்னல் அனுப்பும். மாலை ஆறு மணிக்கு சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டே விளக்கு அணையவில்லை என்று புலம்பிப் பயனில்லை. அதிகாலையில் நைஸ் ரோடு பக்கம் போய் வாருங்கள். கழற்றிய பழைய வீல்கள் காருக்குள் இருக்க வேண்டாம்.

விளக்கு ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு நிலையாக எரிந்தால் சென்சார் கிடைக்கவில்லை என்று பொருள். மின்னாமல் எரிந்தால் காற்றுதான் குறைவு.

பின்சேர்க்கை

நான்கும் ஒன்றுபோல 1.5 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டுகிறதே என்று கேட்பவர்களுக்கு: சில அமைப்புகள் முழு அழுத்தத்தையும் அளந்து, அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தத்தைக் கழித்துவிடுகின்றன. பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்த வித்தியாசம் இங்கே நிரந்தரம். நல்ல டிஜிட்டல் கேஜில் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். டிசம்பர் காலையில் மட்டும் விளக்கு எரிவது வேறு காரணம். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ போகும். கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலையிலேயே காற்றடியுங்கள்.

வீல்களை முன்பின் இடம் மாற்றிய பிறகு பஞ்சரானது முன்சக்கரம், திரையில் காட்டுவது பின்சக்கரம் என்றால், இடத்தைத் தானாகக் கண்டுபிடிக்காத கார் அது. கருவியால் நான்கு இடத்தையும் மறுபடி பதிய வேண்டும்.