கடல்மட்டத்துக் கார் மலை ஏறும்போது: என் அனுபவம்

திருகோணமலையில் துப்பரவாக ஓடிய கார்புரேட்டர் (காற்றையும் பெற்றோலையும் கலந்து அனுப்பும் பாகம்) எஞ்சின், நுவரெலியாவில் கரும்புகை தள்ளி இரண்டாம் கியரில் திணறியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை முழுக்கக் கரி. 1934 இல் தொடங்கிய நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்கு முதல்முறை போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

அங்கே உயரம் ஏறத்தாழ 1,870 மீற்றர். காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைய, பெற்றோல் அதே அளவுக்குக் குறைவதில்லை; கலவை தடிக்கிறது. பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகான மெயின் ஜெட்டில் 120ஆம் எண்ணைக் கழற்றி 115 போட்டதும் புகை நின்றது. (எண் துளை விட்டத்தைக் குறிக்கும் ஜெட்டுகளுக்கே இந்தக் கணக்கு.) திரும்பி இறங்கியதும் 120ஐ மறக்காமல் மாட்டுங்கள். மெல்லிய கலவையோடு கடலோர வெயிலில் மிதித்தால் பிஸ்டன் உருகும். ஜெட் மாற்றினாலும், காற்று குறைந்ததால் போன சக்தி முழுதும் திரும்பாது. ஆகவே வளைவுக்கு முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், நம் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். டொட் 4 என்ற தர எண்ணெய் புதிதாக இருந்தால் கொதிக்க 230 பாகை வேண்டும். ஈரமேறியது 155இலேயே கொதிக்கலாம். அப்போது பெடல் பஞ்சாகும். ஏற்றத்தில் இது தெரியாது, வீடு திரும்பும் இறக்கத்தில்தான் தெரியும். புறப்படுமுன் முழுவதும் மாற்றுங்கள்.

ரயர் அழுத்தத்தை அங்கே, குளிர்ந்த ரயரில் மறுபடி அளக்கவும்.

பாதையைக் கட்டாயம் நடந்து பாருங்கள். மேட்டு உச்சியில் கார் இலேசாகும், பிரேக் பிடிக்காது. உச்சிக்கு முன்பே, சில்லு நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள்.