செனட்டரின் வாக்குப் பதிவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் பகுதி நூலகத்தில் வாக்காளர் கையேடு தயாரிக்க இளைஞர்கள் கூடுகிறார்கள். மூன்று கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை: செனட்டர் பிரசாரத்தில் சொன்னது, நாடாளுமன்ற மேலவையான செனட்டில் வாக்களித்தது, மாநில மக்களுக்கு வேண்டியது. நாங்கள் எல்லோரும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பெயர்ப் பிழை, தேதிப் பிழை போன்றவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போய்விடும் தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எதன்மீது வாக்கெடுப்பு என்று பார்க்காமல் ‘ஆம்’, ‘இல்லை’யை மட்டும் எடுப்பது

2024 தேர்தலின்போது ஓர் இளைஞர், அப்போது எங்கள் செனட்டராக இருந்த ஷெரட் பிரவுனைப் பற்றிய அட்டவணையுடன் வந்தார். குழந்தைகளுக்கான வரிச்சலுகை என்ற வரியில் ‘பிரசாரம்: ஆதரவு; வாக்கு: எதிர்ப்பு’ என்று எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. அவர் கண்டெடுத்த வாக்கு உண்மையானதுதான். 2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்பு மசோதாவின்போது, அந்தச் சலுகையை விரிவாக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1க்கு 97 என்று அது தோற்றது. ‘இல்லை’ சொன்ன 97 பேரில் பிரவுனும் ஒருவர்.

ஆனால் அந்தச் சலுகைக்காகப் பல ஆண்டுகள் மசோதா எழுதிப் போராடியவர்களில் பிரவுன் முன்வரிசையில் இருந்தவர். அன்று ஜனநாயகக் கட்சிக்குத் துணை அதிபரின் வாக்கையும் சேர்த்து 51 வாக்குகள்தான் கையிருப்பு. எந்தத் திருத்தம் உள்ளே நுழைந்தாலும் ஒருவர் விலகி மொத்த மசோதாவும் கவிழலாம் என்பதால், தங்களுக்குப் பிடித்த திருத்தங்களையும் சேர்த்தே தோற்கடித்தார்கள். கடைசியில் மசோதா 51க்கு 50 என்று நிறைவேறியது. இந்தக் கணக்கு சரியா என்று பிரவுனிடம் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். ‘சலுகைக்கு எதிராக வாக்களித்தார்’ என்று மட்டும் அச்சிட்டால் அது பொய்.

இந்தத் தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவதற்குக் காரணம், இதனால் விளையும் நட்டம். வேறொரு குழு இப்படி ஒரு வரியை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தது. செனட்டரின் ஆதரவாளர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அதே தாளில் இருந்த நியாயமான கேள்விகள் ஒன்றையும் அதன் பிறகு யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்னாள் படைவீரர்களுக்கான பேக்ட் சட்டத்தைப் பாருங்கள். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரித்த குழிகளின் நச்சுப்புகையால் நோயுற்றவர்களுக்கு மருத்துவ உதவி தரும் சட்டம் அது. 2022 ஜூனில் செனட் அதை 84க்கு 14 என்று நிறைவேற்றியது. வரி தொடர்பான ஒரு சிறு பிரிவை நீக்கிய பிறகு மசோதா மறுபடியும் செனட்டுக்கு வந்தது. ஜூலை 27 அன்று விவாதத்தை முடித்துக்கொள்வதற்கான தீர்மானத்துக்கு 60 வாக்குகள் தேவைப்பட்டன. கிடைத்தது 55, எதிர்ப்பு 42. ஜூனில் ‘ஆம்’ சொன்ன குடியரசுக் கட்சியினர் 25 பேர் இப்போது ‘இல்லை’ என்றார்கள். செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் வர வேண்டும் என்று அவர்கள் கட்சியின் செனட்டர் பாட் டூமி எழுப்பிய ஆட்சேபம்தான் அவர்கள் சொன்ன காரணம். ஆகஸ்ட் 2 அன்று அதே மசோதா 86க்கு 11 என்று நிறைவேறியது.

ஜூலையை மட்டும் எடுத்தால் 42 பேரும் படைவீரர்களின் எதிரிகள். ஆகஸ்டை மட்டும் எடுத்தால் அவர்களில் பெரும்பாலோர் நண்பர்கள். மூன்று வாக்குகளையும் தேதியோடு ஒரே வரியில் போடுவதுதான் நேர்மை. ஜூனில் சம்மதித்தவர் ஜூலையில் ஏன் மறுத்தார் என்ற கேள்வியைப் படிப்பவரே கேட்டுக்கொள்வார்.

அந்த 42 பேரில் சக் ஷூமரும் இருக்கிறார். மசோதாவை முன்னின்று கொண்டுவந்த பெரும்பான்மைத் தலைவரே ‘இல்லை’ என்று வாக்களித்தது ஏன்? தோற்ற பக்கத்தில் வாக்களித்தவர் மறுபரிசீலனை கோர முடியாது என்பது செனட்டின் விதி. தீர்மானம் தோற்கும் என்று தெரிந்ததும் தலைவர் தன் வாக்கை மாற்றிக்கொண்டு, அதை மறுபடியும் கொண்டுவரும் வழியைத் திறந்து வைக்கிறார். 2013 ஏப்ரலில் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் திருத்தம், 60 வாக்குகள் தேவைப்பட்டதால், 54க்கு 46 என்று தோற்றபோது அன்றைய பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் செய்ததும் இதுதான். இந்த ‘இல்லை’களைத் துரோகம் என்று எழுதிய பட்டியல்கள் என்னிடம் பலமுறை வந்திருக்கின்றன.

செனட்டின் இணையதளத்தில் ஒவ்வொரு பெயர்வாரி வாக்கெடுப்புக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. பெயர்ப் பட்டியலுக்கு மேலே நான்கைந்து வரிகள் வரும்: கேள்வி என்ன, எந்த மசோதா அல்லது திருத்தம், எத்தனை பங்கு ஆதரவு தேவை, முடிவு என்ன. புதியவர்கள் நேராகப் பெயர்ப் பட்டியலுக்கு இறங்கிவிடுகிறார்கள். மேலே உள்ள வரிகளை அட்டவணையில் எழுதாதவரை வாக்கை எழுதாதீர்கள். ஒபாமா கால மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் முயற்சியில், 2017 ஜூலை 25 அன்று விவாதத்தைத் தொடங்கலாம் என்பதற்கு குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் ‘ஆம்’ என்றார். 28 அன்று நீக்கும் திருத்தத்துக்கு ‘இல்லை’ என்றார். கேள்வி வேறு, விடையும் வேறு.

‘மக்களுக்கு வேண்டியது’ என்ற கட்டத்தை ஊகத்தால் நிரப்புவது

2021 மார்ச் 5 அன்று, குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கும் திருத்தம் 42க்கு 58 என்று தோற்றது. அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா, மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின் இருவரும் ‘இல்லை’ என்றார்கள். இருவரையும் ஒரே வரியில் எழுதுவது சோம்பேறித்தனம்.

மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் 7.25 டாலர். அரிசோனா மக்கள் 2016இல் தாங்களே வாக்களித்துத் தங்கள் கூலியை உயர்த்திக்கொண்டார்கள். 2021இல் அங்கே 12.15 டாலர். மேற்கு வர்ஜீனியாவில் 8.75. ஆக, அந்தத் திருத்தம் தோற்றதால் மேற்கு வர்ஜீனியாவின் கடைநிலைத் தொழிலாளிக்குக் கிடைக்காமல் போனது மிகப் பெரிய தொகை. ஆனால் மான்சின் 11 டாலர்தான் சரி என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தவர்; சொல்லுக்கும் வாக்குக்கும் முரண் இல்லை, தேவைக்கும் வாக்குக்கும் இடையில்தான் இடைவெளி. சினிமாவோ கூலி உயர்வை ஆதரித்துப் பேசியவர். கோவிட் மசோதாவிலிருந்து பிரித்து இதைத் தனியாக விவாதிக்க வேண்டும் என்று விளக்கம் தந்தார். அப்படியானால் அந்தத் தனி விவாதத்துக்காக அவர் பிறகு என்ன செய்தார் என்பதும் அட்டவணையில் வர வேண்டும்.

தேவையை எழுதும்போது மாநிலக் கூலிச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆண்டுத் தரவு, மாநில மக்களே நேரடியாக வாக்களித்த தீர்மானங்கள் இவற்றிலிருந்து எழுதுங்கள். உங்கள் நண்பர்கள் வட்டத்தின் ஆசைகள் மாநிலத்தின் தேவை ஆகிவிடாது.

அமைப்புகள் செனட்டர்களுக்குத் தரும் மதிப்பெண்ணை அப்படியே ஏற்பது

எந்தெந்த வாக்குகளைக் கணக்கில் எடுத்தார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். அது கிடைக்கவில்லையென்றால் அந்த மதிப்பெண்ணைத் தொடாதீர்கள்.

குரல் வாக்கெடுப்பில் பெயர் தேடுவது

இருக்காது. எல்லோரும் சேர்ந்து குரல் கொடுப்பார்கள்; யார் என்ன சொன்னார் என்று பதிவாகாது.

வாக்குறுதியின் தேதியை விட்டுவிடுவது

கிர்ஸ்டன் ஜில்லிபிராண்ட் கீழவையில் நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத் தொகுதி ஒன்றின் உறுப்பினராக இருந்தபோது, துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசியத் துப்பாக்கிச் சங்கம் அவருக்கு முதல்தர மதிப்பெண் கொடுத்தது. 2009இல் செனட்டுக்கு வந்து முழு மாநிலத்துக்கும் பிரதிநிதியானதும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் பக்கம் திரும்பினார். மனமாற்றமா, வாக்காளர்கள் மாறியதா என்று படிப்பவர் தீர்மானிக்க வேண்டுமானால் ஆண்டும் பதவியும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வராதவரை ‘நழுவினார்’ என்று எழுதுவது

2018 அக்டோபர் 6 அன்று பிரெட் கேவனாவை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கும் வாக்கெடுப்பு 50க்கு 48 என்று முடிந்தது. ஆதரவாளரான ஸ்டீவ் டெய்ன்ஸ் அன்று மொன்டானாவில் மகளின் திருமணத்தில் இருந்தார். எதிர்த்த லிசா முர்கவ்ஸ்கி, அவர் இல்லாததை ஈடுசெய்ய ‘இருக்கிறேன்’ என்று மட்டும் பதிவு செய்தார். இருவரும் தங்கள் நிலைப்பாட்டை முன்பே அறிவித்திருந்தார்கள். பதிவில் ‘வாக்களிக்கவில்லை’ என்று பார்த்தால் அன்றைய அவைக் குறிப்பையும் அவர்களது அறிக்கையையும் படித்துவிட்டு எழுதுங்கள். பிரசாரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றியவர் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.